பைக் ஓட்டுபவர்களின் தோல் ஜாக்கெட், கிளவுஸ், பூட்: மழைக்கும் பராமரிப்புக்கும் கேள்வி பதில்

பொள்ளாச்சியிலிருந்து: அண்ணா, ஆடி மாசத்துல ஆழியார் வழியா வால்பாறை ஏறுனா 40 கொண்டை ஊசி வளைவு முடியறதுக்குள்ள ஜாக்கெட் ஊறிப் போயிருதுங்க. சொட்டுத் தண்ணி உள்ள வராம இருக்க என்ன தடவோணும்?

உள்ளே மெம்பிரேன் (தண்ணீர் புகாத மெல்லிய படலம்) வைத்துத் தைத்த ஜாக்கெட்டைத் தவிர, சொட்டுத் தண்ணீர்கூடப் புகாத தோல் ஜாக்கெட் கிடையாதுங்க. தண்ணீர் முதலில் நுழைவது தோல் வழியாக அல்ல. தையல் ஓட்டை, ஜிப், கழுத்து, மணிக்கட்டு, இந்த நாலு இடம்தான் வாசல். எதைத் தடவினாலும் தூறலைத் தாங்கும், வால்பாறை மழையைத் தாங்காது. அதற்கு ஜாக்கெட்டுக்கு மேலே ஒரு அளவு பெரிய ரெயின்கோட் போடுங்க. மழை வலுத்த பிறகு போடாமல் ஆழியார் செக்போஸ்டிலேயே போட்டுக்கொள்வது நல்லது. நனைந்த தோலுக்கு மேலே ரெயின்கோட் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு விடும்.

கோவையிலிருந்து: சரிங்ணா, அந்தத் தூறலுக்காவது மெழுகு போடற முறைய அளவோட சொல்லுங்க.

முதலில் தோள்பட்டையிலும் முழங்கையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பாருங்க. முத்தாக நின்றால் மேல்பூச்சு நன்றாக இருக்கிறது. அதன் மேல் மெழுகு இறங்காது, தூசிதான் ஒட்டும். தையலுக்கு மட்டும் போட்டால் போதும். சொட்டு விழுந்த இடம் உடனே கருத்தால்தான் முழுசாகப் போட வேண்டும்.

முழங்கை, தோள் பேடுகளை (விழுந்தால் அடியைத் தாங்கும் மெத்தைகளை) கழற்றிவிட்டு ஜிப்பை மூடுங்க. பனியன் வேஸ்ட்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடையுங்க. வெள்ளை வேஸ்ட்தான் வேண்டும். கலர் துணி ஈரத்தில் சாயம் விடும். அழுக்கு விடாத இடத்தில் தோலுக்கென்றே விற்கிற சேடில் சோப்பின் நுரையை மட்டும் எடுத்துத் தேய்த்து, மறுபடி ஈரத்துணியால் துடையுங்க. குளிக்கிற சோப்பும் துணி சோப்பும் வேண்டவே வேண்டாம். தோலின் பிஹெச் (புளிப்பு, காரத்தன்மையின் அளவு) 4ஐ ஒட்டி இருக்கும், அந்தச் சோப்புகள் 9, 10 வரை போகும். உள்ளே இருக்கும் கொழுப்பையும் பதத்தையும் அது குலைத்துவிடும். ஒரு ராத்திரி நிழலில் காயட்டும்.

மெழுகுக்கு நீட்ஸ்ஃபுட் ஆயில் (மாட்டுக் காலிலிருந்து எடுக்கிற எண்ணெய்) 100 கிராம், தேன்மெழுகு 35 கிராம். தேன்மெழுகு கோத்தகிரிப் பக்கம் மலைத்தேன் விற்கிற கடைகளில் கிடைக்கும். கொதிக்கிற தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்க. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், நேரடி அடுப்பு வேண்டாம். ஆறினால் களிம்பாக வரும். ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு டீஸ்பூன் தாராளம். விரலால் மெலிசாகத் தேயுங்க, விரல் சூட்டிலேயே இறங்கும். தையல் ஓரத்தில் பழைய டூத்பிரஷ்ஷால் நூலுக்குள் போகிற மாதிரி அழுத்துங்க. மறுநாள் காலையில் மேலே நிற்பதைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் சித்திரை வெயிலில் இளகி, ரோட்டுத் தூசியெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும். கருப்பு அல்லாத ஜாக்கெட் என்றால் காலருக்குக் கீழே மறைவான இடத்தில் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்க, நிறம் ஒரு படி கருக்கும்.

சூயிட், நுபக் (மேல்பரப்பு பூம்பஞ்சு மாதிரி இருக்கும் தோல்) கிளவுஸுக்கு இந்தக் களிம்பு ஆகாது. தண்ணீர் ஒட்டாமல் தடுக்கும் ஸ்பிரே மட்டும், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, காற்றோட்டமான இடத்தில் அடிக்க வேண்டும்.

காங்கேயத்திலிருந்து: எங்கூருல தேங்காயெண்ணெய்க்குப் பஞ்சமே இல்லீங்க. அதையே தடவுனா ஆகாதுங்களா?

ஆகாதுங்க. அது 24 டிகிரிக்கு மேல் தண்ணீராக ஓடும், கீழே போனால் உறையும். காங்கேயத்தில் சட்டைக்குக் கசியும், ஊட்டியில் மேல்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். அதைவிடப் பெரிய கேடு, எண்ணெய் அதிகம் குடித்த தோல் தொளதொளவென்று இழுபடும். தையல் ஓட்டை அகலும், பேடு இடம் மாறும். கீழே விழும்போது முழங்கையில் இருக்க வேண்டிய பேடு பக்கவாட்டில் போய் நின்றால் அந்த ஜாக்கெட் போட்டு என்ன பயன்? எந்த எண்ணெயாக இருந்தாலும் வருசத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவையில்லை. நம்ம பக்கம் மழையில் கெட்ட ஜாக்கெட்டை விட எண்ணெயில் ஊறிக் கெட்டதுதான் அதிகம்.

குன்னூரிலிருந்து: பீரோவுல இருந்த ஜாக்கெட் மேல வெள்ளையாப் படிஞ்சிருக்குது. பூஞ்சைங்களா?

மூன்றில் ஒன்றாக இருக்கும். மக்கல் வாடை அடித்து, தொட்டால் பஞ்சு மாதிரி ஈஷிக்கொண்டால் பூஞ்சை. ஈரத்துணியில் மறைந்து, காய்ந்ததும் அதே இடத்தில் திரும்ப வந்தால் வியர்வை உப்பு. அக்குளிலும் காலரிலும்தான் முதலில் தெரியும். ஹேர் டிரையரைத் தள்ளி வைத்து இளஞ்சூடு காட்டியதும் கரைந்து போனால் தோலுக்குள்ளிருந்து வெளியே வந்த கொழுப்பு. அதைத் துடைத்தால் போதும்.

பூஞ்சை என்றால் வீட்டுக்கு வெளியே எடுத்துப்போய் உலர்ந்த துணியால் துடைத்து அந்தத் துணியை வீசிவிடுங்க. பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, பிழிந்த துணியால் உள்ளும் வெளியும் துடைத்து, நிழலில் ஃபேன் காற்றில் காய வைக்க வேண்டும். உள்துணியை விட்டுவிட்டால் அங்கிருந்தே திரும்பப் பூக்கும். உப்புக்குப் பிழிந்த ஈரத்துணியால் மூன்று நாலு தடவை துடைப்பதுதான் வழி. உப்பை விட்டுவைத்தால் தோல் வெடிக்கும், ஜிப்பும் பச்சை பூத்து இறுகும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: நேத்து நல்லா நனைஞ்சிருச்சு. வெயில்ல போட்டு எடுத்தறலாமுங்களா?

வேண்டாம் தம்பி. ஈரத்தோல் வேகமாகக் காயும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அட்டை மாதிரி விறைக்கிறது. பேடை எடுத்துவிட்டு அகலமான ஹேங்கரில் மாட்டி, கைக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, ஊறியதும் மாற்றுங்க. மைப் பேப்பர் வெளிர் நிறத் தோலில் படக் கூடாது. ஃபேனுக்கு எதிரே ஒன்று, இரண்டு நாள் ஆகும். லேசான ஈரம் மிச்சம் இருக்கும்போதே எண்ணெய் ஒரு கை தடவினால் விறைக்காது. கிளவுஸைக் காய்கிற நேரத்தில் ஒரு தடவை கையில் போட்டு விரல்களை மடக்கி நீட்டுங்க. பூட்டைச் சைலன்சர் பக்கம் சாய்த்து வைத்தால் அடிப்பாகம் பசை விட்டுவிடும்.

கோபியிலிருந்து: முழங்கையில தையல் விட்டிருச்சுங்க. செருப்புத் தைக்கறவர்கிட்டக் குடுக்கலாமுங்களா?

கொடுக்கலாம், இரண்டு நிபந்தனையோடு. பருத்தி நூல் கூடாது, பாலியஸ்டரோ நைலானோ வேண்டும். ஊசி பழைய ஓட்டையிலேயே போக வேண்டும். புது ஓட்டை போட்டால் அந்த வரிசையிலேயே தோல் கிழியும். முதலில் எத்தனை வரி தையல் இருந்ததோ அத்தனையும் திரும்பப் போடச் சொல்லுங்க.

ஈரோட்டிலிருந்து: இங்க மரப்பட்டை போட்டுப் பதப்படுத்துன தோல்ல பைக் பை தைச்சேனுங்க. மழைத் தண்ணி பட்ட எடமெல்லாம் திட்டுத் திட்டாக் கருத்திருச்சு.

அந்தத் தோலின் குணம் அதுங்க. ஜாக்கெட் தோல் பெரும்பாலும் குரோம் உப்பு போட்டுப் பதப்படுத்தியது, தண்ணீரைக் கொஞ்சம் பொறுக்கும். பட்டைத் தோல் உடனே குடிக்கும், சூட்டிலும் சீக்கிரம் சுருங்கும். திட்டு போக, பையின் மேல்பக்கம் முழுவதையும் ஸ்பாஞ்சால் ஒரே சீராக ஈரமாக்கி நிழலில் காய விடுங்க. பிறகு மேலே சொன்ன களிம்பு இதற்கு நன்றாக இறங்கும், இரண்டு கை போடலாம்.

திருப்பூரிலிருந்து: என் ஜாக்கெட் செதில் செதிலா உரியுதுங்ணா.

அது தோல் இல்லைங்க, துணி மேல் ஒட்டிய பியூ என்கிற பிளாஸ்டிக் பூச்சு. ஈரப்பதத்தில் பூச்சு சிதைந்துவிட்டது, எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. விழுந்தால் காக்கவும் காக்காது, மாற்றிவிடுங்க.

செட்டிபாளையத்திலிருந்து: ரேஸ் டிராக்குக்குப் போடற, பொடிப் பொடி ஓட்டை வெச்ச தோல் சூட்டுக்கு (உடுப்புக்கு) மெழுகு போடலாமா?

காற்றுக்காக வைத்த ஓட்டையை மெழுகால் அடைக்க வேண்டாம். ஓட்டை இல்லாத இடத்தில் மட்டும் மெலிசாகப் போடலாம். ஓட்டிய அன்றே உள்பக்கத்தைத் திருப்பி ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்து, ஜிப்பைத் திறந்தே மாட்டுங்க. மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் பிளாஸ்டிக் கவரில் போடாமல் பழைய வேட்டித் துணியால் மூடி, சுவரை ஒட்டாமல் தொங்க விடுங்க.