அமெரிக்க ஃபிரட்டர்னிட்டிகளில் கொண்டாட்டமும் பாதுகாப்பும் சேர்ந்திருக்க முடியுமா?

ஃபிரட்டர்னிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் தாமே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் ஒரே வீட்டில் தங்கி நடத்தும் ஆண்கள் சங்கம். புதிதாக வரும் மாணவனுக்கு அங்கே உடனே நட்பு வட்டம் அமைந்துவிடுகிறது. ஆபத்தும் அந்த நெருக்கத்திலிருந்தே வருகிறது, ஏனெனில் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்று ஏங்குபவனால் மூத்தவர் நீட்டும் கோப்பையை எளிதில் மறுக்க முடிவதில்லை.

2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஃபிரட்டர்னிட்டி ஒன்றில், புதிதாகச் சேர்ந்த 19 வயது மாணவர் அளவுமீறிக் குடிக்கவைக்கப்பட்டு, நிலவறைப் படிகளில் விழுந்தார். உடனிருந்தவர்கள் ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்தே அவசர உதவியை அழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. அந்தத் தாமதத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. மது அருந்த அங்கே 21 வயது ஆகவேண்டும் என்பதால், உதவிக்கு அழைத்தால் தாமும் மாட்டிக்கொள்வோம் என்று மாணவர்கள் அஞ்சுவதுண்டு. ஆகவே பென்சில்வேனியாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் கொடிய ராகிங்கைப் பெருங்குற்றமாக்கியதோடு, உதவிக்கு அழைத்து உடனிருப்பவருக்குப் பாதுகாப்பும் அளிக்கிறது.

பிள்ளைகள் நீச்சல் பழகுகிறார்கள் என்பதற்காக யாரும் கிணற்றை மூடுவதில்லை. நீந்தத் தெரிந்த ஒருவர் படியில் நிற்கிறார். விருந்தில் குடிக்காமல் கண்காணிக்கும் உறுப்பினர்களின் வேலையும் அதுவே.

மயங்கியவரைத் தூங்கவிட்டால் தெளிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றிலுள்ள மது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும்.