டேப் அழுத்தியும் கோப்பின் பெயர் நிரம்பாதபோது

கேள்வி: லினக்ஸில், கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் பாஷ் ஷெல் பயன்படுத்துகிறேன். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்குப் பின் டேப் விசையை அழுத்தினால் கோப்புப் பெயர் நிரம்புகிறது. அதே இடத்தில், சுருக்கிய கோப்பைப் பிரிக்கும் அன்ஸிப் கட்டளையைத் தட்டிவிட்டு அழுத்தினால் கோப்புறைகள் மட்டுமே வருகின்றன. நான் பதிவிறக்கிய கோப்பு வருவதில்லை. ஷெல்லை மறுபடி நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம். கோப்புறைகள் வருகின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடை இருக்கிறது: டேப் வேலை செய்கிறது, ஆனால் உங்கள் கோப்பைப் பொருத்தமற்றது என்று ஒதுக்குகிறது. எந்தக் கட்டளைக்கு எதை நிரப்பலாம் என்று தனித்தனியே விதி வகுக்கும் வசதி, 2000ஆம் ஆண்டு வெளியான பாஷ் 2.04 முதல் உள்ளது. இதைப் பயன்படுத்தும் பாஷ்-கம்ப்ளீஷன் என்ற தொகுப்பு, அன்ஸிப் கட்டளைக்கு ஸிப், ஜார் போன்ற பின்னொட்டுகள் (பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வருபவை) கொண்ட பெயர்களையே காட்டுகிறது. அது கோப்பின் உள்ளடக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை. உங்கள் கோப்பு பின்னொட்டு இல்லாமலோ வேறு பின்னொட்டோடோ இறங்கியிருக்க வேண்டும்.

இதை உறுதிப்படுத்த, பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு, டேப்புக்குப் பதிலாக ஆல்ட் விசையுடன் முன்சாய்கோட்டை அழுத்துங்கள். இது விதிகளைப் புறக்கணித்து, கோப்புப் பெயராக மட்டும் நிரப்பும்படி ஷெல்லுக்கு இடும் ஆணை. (சில முனையச் சாளரங்கள் ஆல்ட் விசையைத் தம் பட்டியலுக்கென்று பிடித்துக்கொள்ளும், அங்கே எஸ்கேப் விசையை அழுத்தி விட்டுவிட்டு, அதன் பின் முன்சாய்கோட்டைத் தட்டலாம்.) பெயர் நிரம்பினால், தடையாக இருப்பது அந்த விதிதான். 'கம்ப்ளீட் -பி அன்ஸிப்' என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தந்தால், விதி ஒரு வரியாகத் திரையில் தெரியும்.

எப்போதோ ஒருமுறை வரும் தொல்லை என்றால் கோப்புக்குச் சரியான பின்னொட்டு கொடுத்துவிடுவதே நல்லது என்பேன். கூடை நிறையக் கோப்புகளுக்கு நடுவே அந்த வடிகட்டல் உண்மையில் உதவுகிறது. அடிக்கடி இடறினால், வீட்டுக் கோப்புறையிலுள்ள, பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பின் கடைசி வரியாக 'கம்ப்ளீட் -ஓ டிஃபால்ட் அன்ஸிப்' என்று சேர்த்துப் புதிய முனையத்தைத் திறங்கள். இனி அந்தக் கட்டளைக்கு எல்லாக் கோப்புகளும் வரும். வெறுமனே விதியை நீக்கினால் போதாதா என்று தோன்றலாம். பல கட்டளைகளுக்கான விதிகள் முதல் டேப்பின்போதுதான் ஏற்றப்படுகின்றன என்பதால், நீக்கிய விதி அடுத்த டேப்பிலேயே திரும்பி வரக்கூடும்.

எல்எஸ் கட்டளைக்குப் பின்னும் நிரம்பாவிட்டால் காரணம் வேறு: பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும், வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் அலைக்குறியை (~) மேற்கோளுக்குள் இட்டிருக்கிறீர்களா என்பதையும் முதலில் பாருங்கள்.