அப்பத்தாவைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி: என் அப்பத்தா போன மாசியில் தவறிவிட்டார். வருஷ திதிக்குள் அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டுச் சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க ஆசை. எழுத உட்கார்ந்தால் 'பாசத்தின் உறைவிடம், பொறுமையின் சிகரம்' என்றுதான் வருகிறது. படித்துப் பார்த்தால் யார் வீட்டுப் பாட்டிக்கும் பொருந்தும் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, மானாமதுரை

பதில்: சிகரம், உறைவிடம் இரண்டையும் முதலில் அடித்துவிடுங்கள். அப்பத்தா காலையில் எழுந்ததும் முதலில் என்ன வேலை பார்த்தார், ராத்திரி எதை முடித்துவிட்டுப் படுத்தார் என்று ஆரம்பியுங்கள். விசேஷ நாள் வேண்டாம், சாதாரண நாள் ஒன்று போதும்.

என் அம்மாச்சியைச் சொல்கிறேன். சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி வேலைதான். பகலில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிவிட்டு வந்து, ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டுவார். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை. அது விஷம் என்று எங்களைக் கிட்டவே விடமாட்டார். கூலி குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பன்னிரண்டு பெட்டி ஒட்டி முடித்ததும் ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஓரமாக வைப்பார். பன்னிரண்டு கொட்டை சேர்ந்தால் ஒரு குரோஸ். கணக்குப்பிள்ளை குறைத்துச் சொன்னால் மடியிலிருந்து கொட்டைகளை எடுத்து மேஜையில் பரப்பி, "நீயே எண்ணிக்கோய்யா" என்பார். குரலை உயர்த்த மாட்டார், நகரவும் மாட்டார். 'கடின உழைப்பாளி' என்று நான் பத்துப் பக்கம் எழுதினாலும் அந்தக் கொட்டைகள் சொல்வதைச் சொல்ல முடியாது.

அப்புறம், பணம். பாட்டிகளின் கைப்பக்குவத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், அவர்களுடைய பணத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எங்கே சீட்டுப் போட்டார், யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தார், எந்த நகை அடகுக்கடைக்குப் போய்ப் போய் வந்தது, எது திரும்பி வரவே இல்லை என்று விசாரியுங்கள். என் அம்மாவின் தோடு பெட்டி ஒட்டிய காசில் வந்தது என்பதே எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு குடும்பம் எப்படி நிமிர்ந்தது என்ற கதை பெரும்பாலும் கிழவியின் சுருக்குப்பையில்தான் இருக்கிறது.

வீட்டு ஆட்களோடு நிறுத்திவிடாதீர்கள். களையெடுக்க, நடவு நட கூடப் போனவர்கள், நூறு நாள் வேலையில் பக்கத்தில் நின்றவர்கள், எதிர் வீட்டுக்காரம்மா, இவர்களிடம் போங்கள். பேத்திக்குத் தெரியாத ஒரு பெண்ணை அவர்களுக்குத் தெரியும். துட்டியன்று ஒப்பாரி வைத்த பெண்கள் யாரென்று நினைவிருக்கிறதா? அவர்களைத் தனியாகப் பார்த்து, என்ன சொல்லி அழுதார்கள் என்று கேளுங்கள். பிறந்த வீடு, வாக்கப்பட்ட வீடு, பறிகொடுத்த பிள்ளை, செய்த சீர் எல்லாம் ஒப்பாரியில் வந்துவிடும். நாம்தான் அந்த நேரத்தில் காதில் வாங்குவதில்லை.

கேள்வி: எங்கள் பாட்டி எப்போது பிறந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆதாரில் வருஷம் மட்டும் இருக்கிறது, அதுவும் குத்துமதிப்பாகச் சொன்னதுதான். சரியான வயதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: தேதி கிடைப்பது கஷ்டம். வருஷத்தை ஓரளவு நெருங்கிவிடலாம். பாட்டியின் வயதுக்காரர்கள் இருந்தால் 'எந்த வருஷம்' என்று கேட்காதீர்கள், அவர்கள் மனதில் காலம் அப்படி இருக்காது. அணா போய் நயா பைசா வந்தபோது (1957 ஏப்ரல்) பாட்டிக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா? தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது (1964 டிசம்பர்) கையில் எந்தப் பிள்ளை? இப்படிக் கேட்டால் பதில் டக்கென்று வரும்.

ஓட்டும் உதவும். அப்போதெல்லாம் ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும்; 18 ஆனது 1989-ல்தான். காமராஜர் விருதுநகரில் தோற்ற 1967 தேர்தலில் பாட்டி ஓட்டுப் போட்டது நிச்சயம் என்றால், வயதைக் கூட்டி எழுதாத வரையில், 1946-க்கு முன்னால் பிறந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் வருஷத்தின் பெயர் கிடைத்தால் உங்களுக்கு யோகம். 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் குழப்பமே இல்லை. தாது என்றால் 1936 சித்திரை முதல் 1937 பங்குனி வரை, சர்வசித்து என்றால் சுதந்திரம் வந்த வருஷம். ஒன்று மட்டும் கவனம்: யாராவது 'தாது வருஷப் பஞ்சம்' என்றால் அது 1876-ல் தொடங்கிய பஞ்சம். உங்கள் பாட்டி அவருடைய பாட்டியிடம் கேட்டதாக இருக்கும். அதையும் எழுதி வையுங்கள்.

வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'வயது சுமார் 30' என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சுமாரை நம்பி நாலைந்து வருஷம் முன்னே பின்னே போட்டுக்கொள்ளலாம். புத்தகத்திலும் 'சுமார்' என்றே போடுங்கள். அவர் காலத்துக்கு அதுதான் நேர்மை.

கேள்வி: அப்பாவைப் பெற்ற பாட்டி எங்களுக்கு உயிர். ஆனால் என் அம்மாவை ரொம்பப் படுத்தியிருக்கிறார். பாட்டியைப் புகழ்ந்து எழுதினால் அம்மா முகம் வாடுகிறது. உள்ளதை எழுதினால் அப்பா வருத்தப்படுவார். விட்டுவிடவா?
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: விடாதீர்கள் அம்மா. உங்கள் மேல் அவர் வைத்த பாசமும் உண்மை, உங்கள் அம்மா பட்டதும் உண்மை. பிள்ளைகளுக்குக் கொட்டிக் கொடுத்த கை மருமகளுக்குக் கஞ்சியை அளந்து ஊற்றியது நம் வீடுகளில் புதிதில்லை. அதை மறைத்துப் புத்தகம் போட்டால், அந்த வீட்டில் அத்தனை காலம் உழைத்த உங்கள் அம்மாவை இல்லாதவராக ஆக்கிவிடுவீர்கள்.

உங்கள் அம்மாவிடம் ஒரு பக்கம் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, அவர் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். திட்டு மட்டும்தான் வரும் என்று பயப்பட வேண்டாம். கடைசியில் படுக்கையில் கிடந்த மாமியாரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது பெரும்பாலும் மருமகள்தானே, அந்த நாட்களில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடமே படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள். அப்பா சொல்லும் வரியை எடுக்க அவசரப்பட வேண்டாம்.