கத்ரஃபாஜ்: ஓர் அரிய பிரெஞ்சுக் குடும்பப் பெயர் – கேள்வி பதில்

பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களைப் பல வருடங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். அதில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் பெயர்களில் ஒன்று கத்ரஃபாஜ். அதைப் பற்றி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் வந்த வரிசையிலேயே தருகிறேன்.

பட்டு வளர்ப்பு படிக்கும் மாணவி, சேலம்: பட்டுப்புழுவின் பெப்ரின் நோயைப் பற்றிப் படித்தபோது கத்ரஃபாஜ் என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயர் வந்தது. 'கத்ர' என்றால் நாலு என்று தெரியும். மீதிப் பாதி என்ன, ஐயா?

மீதிப் பாதியை இன்றைய பிரெஞ்சு அகராதியில் தேடினால் கிடைக்காது. 'ஃபாஜ்' தென் பிரான்சின் ஒக்சிதான் மொழிச் சொல். லத்தீனில் பீச் மரத்துக்கு 'ஃபாகுஸ்' என்று பெயர், அதன் வழியில் வந்தது. ஆக, கத்ரஃபாஜ் என்றால் 'நாலு பீச் மரம்'.

முதலில் இது ஆளுக்கு வைத்த பெயராக இருக்கவில்லை, இடத்தின் பெயராக இருந்தது. தென் பிரான்சின் செவென் மலைப்பகுதியில் தனித்தனியாக நிற்கும் பண்ணை வீடுகளை 'மாஸ்' என்பார்கள். ஒவ்வொரு மாஸுக்கும் ஒரு பெயர் உண்டு. நாலு பீச் மரம் நின்ற இடத்தில் குடியிருந்தவர் அந்தப் பெயராலேயே அறியப்பட்டார். நம் ஊரில் 'புளியமரத்து வீட்டுக்காரர்' என்று சொல்கிறோமே, அதே வழக்கம்தான். அங்கே எழுத்தர் அதை ஏட்டில் எழுதி வைத்தார், பிள்ளைகளுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

நீங்கள் படித்த அறிஞர் அர்மான் த கத்ரஃபாஜ். 1810இல் கார்ட் மாவட்டத்தின் வால்ரோக் ஊர் அருகே பிறந்தார். பாரிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1855 முதல் மானுடவியல் பேராசிரியர். இறந்தது 1892இல். அவர் பிறந்த செவென் மலைப்பகுதி பட்டு வளர்ப்பை நம்பி வாழ்ந்த பூமி. 1850களில் புழுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, அவர் அங்கே போய் நோயை ஆராய்ந்தார். புழுவின் மேல் மிளகுப் பொடி தூவினாற்போல் கரும்புள்ளிகள் இருந்தன. மிளகுக்கு அந்தப் பகுதிச் சொல் 'பெப்ரெ'. அதிலிருந்துதான் 'பெப்ரின்' வந்தது. ஒக்சிதான் பெயர் கொண்ட ஒருவர் நோய்க்கும் ஒக்சிதான் சொல்லையே எடுத்திருக்கிறார். அந்தச் சொல்லைத்தான் இன்று நீங்கள் சேலத்தில் படிக்கிறீர்கள். விஞ்ஞானி லூயி பாஸ்தர் அதே நோய்க்காக அலெஸ் நகருக்கு வந்தது அதற்குப் பிறகு, 1865இல்.

பெயர் தராத ஒருவர்: பீச் என்றால் அந்தப் பழ மரமா?

இல்லை. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் வரும் குழப்பம். இது ஐரோப்பியக் காடுகளில் வளரும் உயரமான மரம். பட்டை வழுவழுப்பாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும், காய் முக்கோணக் கொட்டையாக இருக்கும்.

மொழியியல் ஆர்வலர், தஞ்சாவூர்: பீச் மரத்துக்கு இன்றைய பிரெஞ்சில் 'எத்ர்' என்றுதானே சொல்கிறார்கள்? பழைய சொல் எங்கே போனது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'எத்ர்' லத்தீன் வழிச் சொல் இல்லை. வடக்கிலிருந்து வந்து ஆண்ட பிராங்கியரின் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது. முதலில் இளம் மரத்தைக் குறித்தது, பிறகு மரம் முழுவதற்கும் பெயராகி, பழைய லத்தீன் வழிச் சொல்லைப் பேச்சிலிருந்து தள்ளிவிட்டது. ஆனால் ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் அதனால் தொட முடியவில்லை. பழைய பிரெஞ்சில் பீச் மரம் 'ஃபூ'. அதன் சிறு கிளையால் செய்த பிரம்பு 'ஃபுவே'. இன்றைக்கும் பிரெஞ்சில் சாட்டைக்கு 'ஃபுவே' என்றுதான் பெயர். மரத்தின் பெயர் மறைந்தது, அடிக்கிற சாட்டை மட்டும் மிஞ்சியது!

குடும்பப் பெயர்களில் பாருங்கள். ஃபே, துஃபே, லாஃபாஜ், லாஃபே, துஃபோ, ஃபயார் என எல்லாமே பீச் மரத்தடியில் பிறந்தவை. அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட லஃபாயெத் பிரபுவின் பட்டப்பெயர்கூட ஓவெர்ன் பகுதியின் ஓர் இடப்பெயர்தான். அதன் பொருள் 'சிறு பீச் தோப்பு'. பிரெத்தோன் மொழி பேசும் மேற்குக் கரையில் இதே மரம் 'ஃபாவு'. லியோன் வட்டாரத்தில் இன்றும் கிராமத்தார் 'ஃபயார்' என்கிறார்கள்.

இதனால்தான் ஒரு பெயரைப் பார்த்ததும் பாரிஸ் அகராதியைத் திறக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அந்தப் பெயர் எந்த மண்ணில் அதிகம் காணப்படுகிறது என்று முதலில் பாருங்கள். அந்த மண்ணில் எந்த மொழி பேசினார்கள் என்று பாருங்கள். பொருள் அங்கேதான் இருக்கும்.

அதே தஞ்சாவூர்க்காரர்: அப்படியானால் பெயரில் எண் வந்தால் எண்ணாகவே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கத்ரஃபாஜில் நாலு உண்மையான நாலு. ஆனால் 'சேங்க்-மார்' என்ற பெயரைப் பாருங்கள். எழுத்துப்படி 'ஐந்து மார்ச்' என்று வரும். மன்னர் பதின்மூன்றாம் லூயியின் அன்புக்குரியவராக இருந்து, சதிக்காக 1642இல் லியோனில் தலை வெட்டப்பட்ட பிரபு அந்தப் பட்டப்பெயரால்தான் அறியப்படுகிறார். தூர் நகருக்கு அருகிலுள்ள ஓர் ஊரின் பெயர் அது. மூலம் 'சேன் மெதார்', அதாவது புனித மெதார்துஸ். பேச்சில் தேய்ந்து, காதில் விழுந்ததை எழுத்தர் எழுதியதில் புனிதர் ஐந்தாகிவிட்டார்.

எழுத்தர்கள் செய்த வேலைக்கு இன்னொரு சாட்சி, கொல்லரைக் குறிக்கும் 'லெஃபெவ்ர்'. லத்தீனில் கொல்லர் 'ஃபாபெர்' என்பதால், தங்கள் லத்தீன் அறிவைக் காட்ட எழுத்தர்கள் நடுவில் உச்சரிக்காத ஒரு 'ப' எழுத்தைச் செருகினார்கள். அந்தக் காலத்தில் 'உ'வுக்கும் 'வ'வுக்கும் ஒரே எழுத்து. பின்னால் படித்தவர்கள் அதைத் தவறாகப் படித்ததில் 'லெஃபெபூர்' என்று புதிய குடும்பப் பெயரே பிறந்துவிட்டது. தெற்கில் அதே கொல்லர் 'ஃபாப்ர்' என்றும் 'ஃபோர்' என்றும் இருக்கிறார்.

கல்லூரி ஆசிரியை, மதுரை: இந்தப் பெயர் எவ்வளவு அரிது? எப்படித் தெரிந்துகொள்வது?

பிரான்சில் மிகப் பரவலான பெயர் மர்த்தேன். தூர் நகரின் புனித மர்த்தேனால் நாடெங்கும் பரவியது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து பெர்னார், தொமா, பெத்தி, ரொபேர் என்று வரும். கத்ரஃபாஜ் இந்த வரிசையின் பக்கத்திலேயே வராது. கார்ட் மாவட்டமும் அதை ஒட்டிய பகுதிகளும்தான் அதன் தாய்வீடு.

பிரான்சின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே, 1891 முதல் எந்தப் பெயரில் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் பிறந்தார்கள் என்று தொகுத்து வைத்திருக்கிறது. முதல் காலகட்டத்தை, அதாவது 1891 முதல் 1915 வரையிலானதை மட்டும் முதலில் பாருங்கள். ரயிலேறி பாரிஸுக்கும் மர்செய்க்கும் வேலை தேடிப் போவது பெருகுவதற்கு முன் பெயர்கள் பெரும்பாலும் பிறந்த மண்ணிலேயே இருந்தன. அந்த வரைபடத்தில் ஒரு பெயர் ஒரே மூலையில் குவிந்திருந்தால் அதுதான் ஊற்று. பிற்காலப் படத்தைப் பார்த்தால் பாரிஸ் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருக்கும், ஏமாந்துபோவோம்.

இளைஞர், கோயம்புத்தூர்: இப்படிப்பட்ட பெயர்கள் அழிந்துவிடுமா?

பல அழிந்திருக்கின்றன. இதைக் கணக்காகவே 1845இல் எழுதியவர் பாரிஸ்காரரான கணித அறிஞர் பியெனெமே. அவர் பெயரே ஓர் அரிய பெயர்தான், 'நன்கு நேசிக்கப்பட்டவர்' என்று பொருள். கால்டன், வாட்சன் என்ற இரண்டு அறிஞர்கள் இங்கிலாந்தில் இதே கணக்கைப் போட்டது அதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து. பெயர் மகன் வழியாக மட்டும் போகும் நாட்டில், ஒருவருக்குச் சராசரியாக ஒரு மகனோ அதற்கும் குறைவோ என்றால், அந்தப் பெயர் என்றைக்காவது அணைந்தே தீரும். சராசரி ஒன்றைத் தாண்டினாலும் தப்பிப்பது உறுதியில்லை. நாலைந்து வீடுகளில் மட்டும் இருக்கும் பெயருக்கு ஒரு போரே போதும். முதல் உலகப் போரில் பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. மலைக் கிராமங்களின் நினைவுத் தூண்களில் ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு முறை வருவதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது. 2005 ஜனவரி முதல் பிள்ளைக்குத் தாயின் பெயரையும் வைக்கலாம், இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம். 2022 ஜூலை முதல், வயது வந்த எவரும் நகராட்சியில் விண்ணப்பம் கொடுத்து, வாழ்நாளில் ஒருமுறை, தாயின் பெயருக்கு மாறிக்கொள்ளலாம். அரிய பெயர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி.

பாரிஸ் புறநகரில் வசிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்: அண்ணை, எங்கள் சம்பந்தி வீட்டாருக்கு இந்தப் பெயர்தான். புரொட்டஸ்டன்ட் குடும்பம். வம்ச வரலாறு தேடி 1792க்கு முன்னால் போக முடியாமல் நிற்கிறார்கள். என்ன செய்யலாம்?

செவென் என்றாலே புரொட்டஸ்டன்ட் மலை. அவர்கள் சிக்கியிருக்கும் இடத்துக்குக் காரணமும் அதுதான்.

1792 செப்டம்பரில் புரட்சி அரசு பிறப்பு, திருமண, இறப்புப் பதிவை நகராட்சிகளிடம் கொடுத்தது. அதற்கு முன் பெரும்பாலும் கத்தோலிக்கக் கோயில் ஏடுகளில்தான். 1685இல் பதினான்காம் லூயி புரொட்டஸ்டன்ட்களுக்கு இருந்த உரிமையைப் பறித்த பிறகு, அவர்கள் கத்தோலிக்கக் குருவிடம் போனால்தான் திருமணம் செல்லும். போக மறுத்தவர்கள் மலையிலும் காட்டிலும் ஒளிந்து, தங்கள் போதகர் முன்னால் மணம் முடித்தார்கள். அதைப் 'பாலைவனத் திருமணம்' என்பார்கள். சட்டத்தின் கண்ணில் அது திருமணமே இல்லை.

ஆகவே மூன்று இடங்களில் தேடச் சொல்லுங்கள். முதலாவது, 1787 நவம்பர் ஆணை. பதினாறாம் லூயி புரொட்டஸ்டன்ட்கள் தங்கள் பழைய திருமணங்களைப் பதிய அனுமதித்தார். 1788இல் வயதான தம்பதிகள்கூட வந்து 40 வருடத்துக்கு முந்தைய திருமணத்தையும் பிள்ளைகளையும் ஒரே பக்கத்தில் பதிந்திருப்பார்கள். அந்த ஒரு பக்கம் கிடைத்தால் ஒரு தலைமுறை முழுதாகக் கையில் வரும். இரண்டாவது, ஒப்பந்தங்களை எழுதிப் பதியும் அதிகாரியான நோத்தேரின் ஏடுகள். மத வேறுபாடு பார்க்காமல் எல்லோரும் திருமண ஒப்பந்தமும் உயிலும் எழுதிய இடம் அது. மூன்றாவது, 'கொம்ப்வா' என்ற நிலவரி ஏடு. யாருக்கு எந்த மாஸ், எந்த வயல், அடுத்த நிலம் யாருடையது என்று எழுதியிருக்கும். கத்ரஃபாஜ் போன்ற இடப்பெயர்க் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது.

இன்னொன்று, பிரெஞ்சுப் பதிவுகளில் பெண் இறக்கும்வரை பிறந்த வீட்டுப் பெயரில்தான் வருவார். 1794ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. கணவர் பெயரில் தேடி, பாட்டியைக் காணோம் என்று விட்டுவிடாதீர்கள். நீம் நகரிலுள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தின் ஏடுகளை வீட்டிலிருந்தே இணையத்தில் புரட்டலாம். சம்பந்தியோடு உட்கார்ந்து தேடுங்கள், நல்ல உறவும் வளரும்.

மதுரை ஆசிரியை மீண்டும்: அர்மான் த கத்ரஃபாஜ் பெயரில் 'த' இருக்கிறதே, பிரபு குலமா?

'த' என்றால் 'இன்ன ஊரைச் சேர்ந்த'. பிரபுக்களும் வைத்தார்கள், சாதாரண உழவர்களும் வைத்தார்கள். பிரபு குலக் கேடயச் சின்னம் என்று அச்சடித்து விற்பவர்களிடம் இதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், புதுச்சேரி: எங்கள் குடும்பத்துக்கும் பிரெஞ்சுப் பெயர் உண்டு. எங்கள் முன்னோர் பிரான்சிலிருந்து வந்தவர்களா?

பெரும்பாலும் இல்லை, ஐயா. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிரெஞ்சு இந்தியாவில் இருந்த இந்தியர்கள் தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படி வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழிகாட்டியாக நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, நீதிமன்றத்துக்குள் காலணி அணியும் உரிமைக்காகப் பாரிஸ் வரை வழக்காடி வென்றவர். அவர் எடுத்த பெயர் லபோர்த், 'கதவு' என்று பொருள். ஆகவே உங்கள் பெயரின் வரலாறு பிரான்சின் கிராமத்தில் தொடங்காது, உங்கள் முன்னோர் கையெழுத்திட்ட நாளில் தொடங்கும். பிரெஞ்சு இந்தியாவின் பதிவேடுகளை ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தக் கையெழுத்தைத் தேடிப் பாருங்கள்.

சேலம் மாணவி மீண்டும்: அந்த நாலு மரங்கள் இன்னும் இருக்குமா, ஐயா?

பெயர் பிறந்தபோது நின்ற மரங்கள் இருக்க வழியில்லை. பீச் மரம் முந்நூறு வருடம் வாழ்ந்தாலே அதிகம். ஆடு மேய்ச்சலாலும் விறகு வெட்டியும் அந்த மலையே மொட்டையாகிப் போயிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஜோர்ஜ் ஃபாப்ர் என்ற வன அதிகாரி மறுபடி மரம் நட்டுக் காட்டை எழுப்பினார். அவர் பெயரும் மேலே சொன்ன கொல்லர்தான். வால்ரோக்கிலிருந்து ஏகுவால் மலை உச்சிக்கு 'நாலாயிரம் படி' என்ற ஒற்றையடிப் பாதை ஏறுகிறது. பாதி வழிக்கு மேலே பீச் காடுதான். என்றைக்காவது போனால் அக்டோபரில் போங்கள், இலையெல்லாம் செம்பு நிறத்தில் இருக்கும்.