ஐந்து வரிக்கு ஒரு பத்தியா?

கேள்வி: நூலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். நிர்வாகக் குழுவுக்கு மாதாமாதம் அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. எழுத்துப்பிழை இல்லாமல்தான் எழுதுகிறேன். ஆனாலும் குழுத் தலைவர் ஒவ்வொரு முறையும், "எல்லாம் இருக்கும்மா, ஆனா என்ன கேக்குறீங்கன்னுதான் புரியல" என்கிறார். ஐந்தாறு வரிக்கு ஒரு பத்தி என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடிதான் பிரிக்கிறேன். இணைப்புச் சொற்களும் போடுகிறேன். சென்ற மாத அறிக்கையிலிருந்து ஒரு பத்தியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறுகிறேன்?

— ஒரு வாசகி

பதில்: உங்கள் தலைவர் மேல் வருத்தப்படாதீர்கள். "என்ன கேக்குறீங்கன்னு புரியல" என்று நேராகச் சொல்கிறவர் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலானவர்கள் இரண்டு பத்தி படித்துவிட்டு, புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, தாளை மடித்து வைத்துவிடுவார்கள்.

நீங்கள் அனுப்பிய பத்தி மற்ற வாசகர்களுக்கும் தெரிய வேண்டும். அப்படியே தருகிறேன்:

"நமது நூலகத்துக்கு மாலை ஐந்து மணிக்குப் பிறகு மாணவர்கள் அதிகம் வருகின்றனர். மேலும் வாசிப்பறையில் இருபது நாற்காலிகளே உள்ளன. பழைய இதழ்கள் மேசைகள் மீது அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. மேலும் கடந்த மாதம் புதிய அலமாரிகள் வந்தன. அவை இன்னும் பொருத்தப்படவில்லை. மாணவர்கள் தரையில் அமர்ந்து படிக்கின்றனர். இதனால் ஒருநாள் விடுமுறை விட்டு ஒழுங்குபடுத்த அனுமதி தேவை. மேலும் பெண் வாசகர்கள் எண்ணிக்கை உயர்ந்துள்ளது."

தனித்தனியாகப் பார்த்தால் எட்டு வாக்கியமும் சுத்தம். ஒன்றைக்கூட நான் திருத்த மாட்டேன். ஆனால் எட்டும் ஒரே வண்டியில் ஏறிய, ஒருவரையொருவர் தெரியாத எட்டுப் பயணிகள்போல உட்கார்ந்திருக்கின்றன. மாணவர்களிடம் தொடங்கி, நாற்காலிக்குப் போய், இதழ்களைத் தொட்டு, அலமாரியைப் பார்த்துவிட்டு, மறுபடி மாணவர்களிடம் வந்து, திடீரென விடுமுறை கேட்கிறீர்கள். தலைவருக்குத் தோன்றியிருக்கும்: "பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தால் நாற்காலி வாங்கணும். விடுமுறை எதுக்கு?" நியாயமான கேள்விதானே. உங்கள் "இதனால்" எதைச் சுட்டுகிறது? அதற்கு முந்தைய வாக்கியத்தில் இருப்பவர்கள் தரையில் உட்கார்ந்த மாணவர்கள். அலமாரி அதற்கும் முந்தைய வாக்கியத்தில் கிடக்கிறது. இடையிலிருக்கும் கண்ணியை நீங்கள் மனதுக்குள் கோத்துக்கொண்டீர்கள், தாளில் கோக்கவில்லை.

சரி, அந்தக் கண்ணியை வெளியே எடுப்போம். உங்களிடம் தொலைபேசியில் பேசியிருந்தால் நான் கேட்டிருக்கக்கூடிய ஒரே கேள்வி: "இந்தப் பத்தியில உங்களுக்கு என்ன வேணும்?" நீங்கள் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பீர்கள்: "அலமாரி மாட்ட ஒருநாள் லீவு வேணும் சார்." அதுதான் பத்தி. அந்தப் பதிலை முதலில் வைத்து, "ஏன்?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்களோ அதை அடுத்தடுத்து எழுதுங்கள். இப்படி வரும்:

"புதிய அலமாரிகளைப் பொருத்துவதற்காக நூலகத்துக்கு ஒருநாள் விடுமுறை விட அனுமதி வேண்டும். கடந்த மாதம் வந்த அந்த அலமாரிகள் இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. அவற்றுக்குள் போக வேண்டிய பழைய இதழ்கள் வாசிப்பறை மேசைகளை அடைத்துக்கொண்டிருக்கின்றன. மேசைகளில் இடமில்லாததால், மாலை ஐந்து மணிக்கு மேல் வரும் மாணவர்கள் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள்."

நான்கே வாக்கியம். ஒரு "மேலும்"கூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தேவைப்படவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதிலிருந்து ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறது: அலமாரிகள், அந்த அலமாரிகள், அவற்றுக்குள், மேசைகள், மேசைகளில். செய்யுளில் இதற்கு அந்தாதி என்று பெயர். ஒரு பாட்டு முடிந்த இடத்தில் அடுத்த பாட்டு தொடங்கும். உரைநடையில் அவ்வளவு கறாராக வேண்டியதில்லை, சொல்லுக்குச் சொல் திரும்ப வந்தால் சலித்துவிடும். ஆனால் வாசகருக்குத் தெரிந்ததை வாக்கியத்தின் முன்னால் வைத்து, தெரியாததைப் பின்னால் கொண்டுவருவது எப்போதும் கைகொடுக்கும். தமிழ் இதற்குத் தோதான மொழி. வினைமுற்று கடைசியில் வருகிறது, புதுச் செய்தி அதற்குச் சற்று முன்னால் வந்து உட்காரும். முன்பகுதி பழையதைச் சுமக்கக் காலியாக இருக்கிறது.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். திருத்திய பத்தியில் இருபது நாற்காலியை நான் விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. எழுதிப் பார்த்தபோது அது எங்கேயும் ஒட்டவில்லை. மேசை காலியானாலும் நாற்காலி இருபதுதானே இருக்கும்? மாணவர்கள் தரையில் உட்காருவதற்கு இடமின்மை காரணமா, நாற்காலிப் பற்றாக்குறை காரணமா? இரண்டும்தான் என்றால் விடுமுறையால் பாதிப் பிரச்சினைதான் தீரும். நாற்காலி வேண்டும் என்பது தனிக் கோரிக்கை, தனிப் பத்தி. இந்த ஓட்டை பழைய பத்தியில் கண்ணில் படவே இல்லை, எல்லாம் கலந்து கிடந்ததால் மறைந்திருந்தது. பத்தியை ஒழுங்காக அடுக்கும்போது சிந்தனையில் இருக்கும் ஓட்டை தெரிய ஆரம்பிக்கும். எழுதுகிறவர்களுக்குப் பிடிக்காத விஷயம் இதுதான், எனக்கும் சேர்த்து.

இனி உங்கள் ஐந்து வரிக் கணக்குக்கு வருவோம். வரியை எண்ணிப் பத்தி பிரிப்பது, பக்கத்தை எண்ணிக் கதையை முடிப்பது மாதிரி. இன்று தாளில் எட்டு வரி வரும் பத்தி நாளைக்குக் கைபேசியில் பதினாறு வரியாகும். வரி என்பதே நிலையான அளவில்லை. பழைய கிரேக்கச் சுருள்களில் பேச்சோ பொருளோ மாறும் இடத்தில், ஓரத்தில் ஒரு சிறு கோடு இழுத்து வைப்பார்கள். பக்கத்தில் எழுதியது என்ற பொருளில் அதன் பெயர் பராகிராபோஸ். ஆங்கிலத்தில் பாரா வந்த வழி அது. அந்தக் கோடு நீளத்தை அளக்கவில்லை, "இங்கே ஏதோ மாறுகிறது, கவனி" என்றது. நம் ஓலைச்சுவடிகளில் அந்த உதவிகூடப் பெரும்பாலும் இருக்காது. சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல், புள்ளிகூட வைக்காமல் ஓடும். படிக்கிறவரே பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் குழுத் தலைவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

பத்திக்கென்று பாடப்புத்தக விதிகளை வகுத்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெய்ன். 1866-ல் எழுதினார். ஒரு பத்திக்கு ஒரு நோக்கம், அந்த நோக்கம் தொடக்கத்திலேயே தெரிய வேண்டும் என்பது அவருடைய கட்சி. அது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவி, "முதல் வாக்கியத்தில் மையக்கருத்து" என்று கல்வெட்டாகிவிட்டது. அப்புறம் 1974-ல் ரிச்சர்ட் பிராடக் என்ற அமெரிக்கர், தேர்ந்த எழுத்தாளர்கள் இதழ்களில் எழுதிய கட்டுரைகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். மையக்கருத்தோடு தொடங்கிய பத்திகள் நூற்றுக்குப் பதின்மூன்று அளவில்தான் இருந்தன! பள்ளியில் சொல்வது ஒன்று, எழுதுகிறவர்கள் செய்வது வேறு.

அதைப் பார்த்துவிட்டு விதியைத் தூக்கிப் போட வேண்டாம். இதழ் வாசிப்பவர் சாய்ந்து உட்கார்ந்து படிக்கிறார், கொஞ்சம் சுற்றிக்கொண்டு போனால் அவருக்கு அதுவே சுகம். உங்கள் தலைவர் கையில் பேனாவோடு, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிறது என்ற நினைப்போடு படிக்கிறார். அறிக்கை, விண்ணப்பம், அலுவலக மின்னஞ்சல் மூன்றுக்கும் கேட்பதை முதலில் கேட்டுவிடுவதுதான் மரியாதை. ஒரே விதிவிலக்கு, கேட்பவருக்குக் கசக்கும் செய்தி. அதற்குமட்டும் காரணத்தை முன்னால் அனுப்பி, செய்தியைப் பின்னால் அனுப்பலாம்.

உங்கள் பத்தியில் இருக்கும் கடைசி வாக்கியம், பெண் வாசகர்கள் கூடியது. எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. ஒரு நூலில் இருக்கக்கூடாத பத்துக் குற்றங்களைப் பவணந்தியார் அடுக்கியிருக்கிறார். அதில் மற்றொன்று விரித்தல் என்று ஒன்று, சென்று தேய்ந்திறுதல் என்று ஒன்று. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைப் பேசுவது முதலாவது. நன்றாகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிவது இரண்டாவது. உங்கள் எட்டாவது வாக்கியம் இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டது. அனுமதி கேட்ட கையோடு நிறுத்தியிருந்தால் தலைவர் காதில் அனுமதிதான் ஒலித்துக்கொண்டிருக்கும். நீங்கள் பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

"மேலும்" பற்றிக் கொஞ்சம் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். அலுவலகத் தமிழில் அது ஒரு தொற்று. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே உறவு என்னவென்று யோசிக்கச் சோம்பலாக இருக்கும்போது கை தானாக "மேலும்" போடும். அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஒட்டினால் அது வேண்டாத சொல். ஒட்டவில்லையென்றால் அங்கே ஆனால், ஏனென்றால், அதற்குள், இருந்தும் இவற்றில் ஒன்று வர வேண்டும், அல்லது பத்தி முடிய வேண்டும்.

இன்னொன்று நம் மொழிக்கே உரியது. எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் தமிழில் வினை காட்டிக்கொடுத்துவிடும். "வந்தார், பார்த்தார், கையெழுத்திட்டார்" என்றால் போதும். அஃறிணையில் அந்த வசதி பாதிதான். "வந்தன, பொருத்தப்படவில்லை" என்றால் அலமாரியா, விளக்கா, மின்விசிறியா? ஒரு பத்திக்குள் சமாளிக்கலாம். புதுப் பத்தி தொடங்கும்போது அது, இது, அவை என்று தொடங்காதீர்கள். பொருளின் பெயரை மறுபடி சொல்லுங்கள். அறிக்கையை எல்லோரும் முதலிலிருந்து படிப்பதில்லை. தனக்கு வேண்டிய பத்தியில் நேராகக் கண்ணை வைப்பவருக்கு "இவை" என்றால் எவை?

எழுதி முடித்த பிறகு செய்ய ஒரு வேலை இருக்கிறது. பல வருடமாக மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிறேன், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அச்செடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் எதிரே ஓரத்தில் பென்சிலால் மூன்று நான்கு சொல் எழுதுங்கள். "அலமாரிக்கு விடுமுறை", "நாற்காலி வேண்டும்" என்பதுபோல. எழுத முடியாமல் பென்சில் நின்றால் அந்தப் பத்திக்கு என்ன வேலை என்று உங்களுக்கே தெரியவில்லை. நடுவில் "மற்றும்" போட வேண்டிவந்தால் அங்கே இரண்டு பத்தி இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டுக்கு ஒரே குறிப்பு வந்தால் சேர்த்துவிடுங்கள். பிறகு ஓரக்குறிப்புகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். வரிசை சரியில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும், முழு அறிக்கையையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை. கிரேக்கர்களின் ஓரக்கோடுதான், கொஞ்சம் சொற்களோடு.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தி மாறுவதைக் காட்ட ஒன்று முதல் வரியை உள்ளே தள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு வரி இடைவெளி விடுங்கள். இரண்டும் வேண்டாம். கணினியில் தமிழை இருபுறமும் சமமாக இழுத்துவிடாதீர்கள். நம் சொற்கள் நீளம், வரியில் நான்கைந்துதான் அடங்கும், நடுவே ஓட்டைப் பல் மாதிரி இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் ஒட்டி விட்டாலே போதும்.

அந்தப் பெண் வாசகர்கள் விஷயம் இருக்கிறதே, அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அறிக்கையிலேயே நல்ல செய்தி அதுதான், அதைப் போய் ஒரு புகாரின் வாலில் கட்டிவிட்டிருக்கிறீர்கள். எந்த மாதத்திலிருந்து கூடியது, எவ்வளவு, எதனால் என்று நினைக்கிறீர்கள் என்று தனிப் பத்தியாக எழுதி, விடுமுறைக் கோரிக்கைக்கு முன்னால் முதல் பக்கத்தில் வையுங்கள். அடுத்த மாத அறிக்கையை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். நாற்காலி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டும்.