கப்பல் கிளம்பும் முன்பே மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 63, ஊர் மதுரை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். புராஸ்டேட் வீக்கத்துக்கும் ஒரு மாத்திரை உண்டு. மகன் எங்கள் இருவருக்கும் சென்னையிலிருந்து கிளம்பும் சுற்றுலாக் கப்பலில் டிக்கெட் போட்டுவிட்டான். எனக்கோ வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறினாலே வாந்தி. மெடிக்கலில் அவோமின் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: மலைப்பாதையில் வாந்தி எடுப்பவருக்குக் கப்பலிலும் வர வாய்ப்பு அதிகம். காது 'ஆடுகிறோம்' என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண் 'சும்மாதானே இருக்கிறோம்' என்கிறது. இந்தச் சண்டையில் அடி வாங்குவது வயிறு.

அவோமின் நல்ல மாத்திரைதான், ஆனால் உங்களுக்கு வேண்டாம். புராஸ்டேட் வீங்கியிருப்பவர் போட்டால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். நடுக்கடலில் டியூப் போட்டுக்கொண்டு படுப்பதா சுற்றுலா? சின்னரிசின் என்று இன்னொன்று இருக்கிறது. அதிலும் தூக்கம் வரும், புராஸ்டேட்டுக்கு அதையும் யோசித்துத்தான் தர வேண்டும். உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அவர் எதைக் கொடுத்தாலும் கப்பல் கிளம்ப 2 மணி நேரம் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். குமட்டல் வந்தபின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

இதைவிட எனக்குக் கவலை உங்கள் சர்க்கரைதான். வாந்திக்குப் பயந்து வெறும் வயிற்றோடு போவது நம் ஊர்ப் பழக்கம். பாண்டியன் ரயிலில் இரவெல்லாம் அரைத் தூக்கம், காலையில் ஒரு காபி, அப்புறம் துறைமுகத்தில் வரிசை. கிளிமிபிரைடைப் போட்டுவிட்டு இப்படி நின்றால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கும். அதைக் கப்பல் மயக்கம் என்று நினைத்துவிடுவீர்கள். தட்டில் இட்லி வந்தபின் மாத்திரையைப் போடுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வந்து சேர மாலையாகிவிடலாம். அதனால் மாத்திரை, சீட்டு, கண்ணாடி எல்லாம் கைப்பையில். முதல் நாளில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். தூக்கம் வருகிறது என்று படுத்துவிடாதீர்கள். 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களில் பலருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. நெருக்கடியில் லிஃப்ட் கிடையாது, எந்தப் படிக்கட்டு என்று முதல் நாளே நடந்து பாருங்கள்.

அறை கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கிடைத்தால் ஆட்டம் குறைவு. குமட்டினால் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள், போனை நோண்டாதீர்கள். இஞ்சி மரப்பா சிலருக்குக் கேட்கிறது. ஆனால் அதில் வெல்லமோ சீனியோ உண்டு, ஒரு துண்டோடு நிறுத்துங்கள். பஃபேக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் மட்டும் போதாது.

தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்தால் சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிட்டு உடனே கப்பல் டாக்டரைப் பாருங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். மகன் பயணக் காப்பீடு எடுத்தாரா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.