ரிப்போர்ட் கார்டில் 'ஃபேர்': பாராட்டா, திட்டா?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளின் ரிப்போர்ட் கார்டில் அறிவியலுக்கு நேரே 'ஃபேர்' என்று எழுதியிருக்கிறார்கள். அகராதியைப் பார்த்தால் அழகான, நேர்மையான என்கிறது. டியூஷன் சென்டரிலோ, "கிட்டத்தட்ட ஃபெயில்தாம்மா, ஸ்பெஷல் கிளாஸில் சேருங்க" என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுமே இல்லை. எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், புவர் என்பதுதான் வழக்கமான வரிசை. குட்டுக்குக் கீழே, புவருக்கு மேலே. நம் பேச்சில் 'சுமார்'.

அகராதி பொய் சொல்லவில்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அழகு என்றுதான் பொருள். அப்புறம் கறையில்லாதது என்றானது, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதும் நோட்டை ஃபேர் நோட்டு என்கிறோமே, அது இந்த வழியில் வந்ததுதான். கறையில்லாத நடத்தையிலிருந்து நியாயம், பாரபட்சமின்மை. ரேஷன் கடையின் ஆங்கிலப் பெயரான 'ஃபேர் பிரைஸ் ஷாப்'பில் இருப்பது அந்த ஃபேர். வெளுத்த தோல் என்ற அர்த்தமும் இடைக்காலத்திலேயே ஒட்டிக்கொண்டது, அதை வைத்து இங்கே விற்ற கிரீமுக்குக் கணக்கில்லை, 2020-ல்தான் ஒரு பெரிய கம்பெனி ட்யூபிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தது. 'பரவாயில்லை' என்ற பொருள் கடைசியாக வந்தது. நயமாகச் சொல்லிச் சொல்லியே தேய்ந்துபோன பாராட்டு அது. பழைய புத்தகம் விற்பவர்கள் ஆன்லைனில் 'ஃபேர்' என்று போட்டால் நல்ல புத்தகம் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், நன்றாக அடிபட்டது, படிக்க மட்டும் முடியும் என்று அர்த்தம்.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கேட்டுப் பதறுகிறவர்கள் நிறைய. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஜெனரல் கண்டிஷன் ஃபேர்' என்று இருந்தால் அது குறையாகச் சொன்னது இல்லை. நோயாளியின் பொதுவான நிலை திருப்தியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதும் வழக்கமான வரி. அங்கே 'குட்' போடவில்லையே என்று சண்டைக்குப் போகாதீர்கள், ரிப்போர்ட் கார்டு கணக்கு அங்கே செல்லாது.

டியூஷன்காரர் பேச்சை விடுங்கள். ஒற்றைச் சொல்லைக் காட்டிப் பயமுறுத்தி ஃபீஸ் வாங்குவது பழைய வித்தை, ஸ்போக்கன் இங்கிலீஷ் விளம்பரக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பள்ளிகளும் லேசுப்பட்டவை இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, பெற்றோருக்கு வேறு அர்த்தத்தில் எழுதி அனுப்புவார்கள், விளக்கமாக ஒரு வரி தமிழில் எழுதக் கை வராது.

கார்டின் பின்பக்கம் கிரேடு அட்டவணை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அறிவியல் ஆசிரியரிடமே போய், எந்தப் பாடத்தில் தடுமாறுகிறாள் என்று கேளுங்கள்.